திருடன்பாறையில் கட்டிய கதை

ஊர் எல்லைப் பெயர்ப் பலகையில் லைனிங் துணியைச் சுற்றித் தைத்து முடித்த பிறகுதான் தையல்காரருக்கு மூச்சு வந்தது. ‘திருடன்பாறை’யில் ஓர் எழுத்துகூட வெளியே தெரியவில்லை.

மகள், கூட வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பையனின் அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் இன்று முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். இந்தப் பேரைப் பார்த்தால் சம்பந்தம் நிலைக்குமா?

ஊரார் சொல்லும் கதை சின்னது. எப்போதோ ஒரு திருடன் வீடு வீடாக வழித்தெடுத்துக்கொண்டு, எல்லைப் பாறையில் சாவகாசமாக இளைப்பாறிவிட்டுப் போனான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இளைப்பாறியது எப்படித் தெரியும் என்று கேட்டால் ஊராருக்குக் கோபம் வரும்.

விருந்தாளிகள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்கள்.

“பலகையில துணி சுத்தியிருந்துது. ரெண்டு தடவை தாண்டிப் போயிட்டோம். ஒரு லாரிக்காரர்தான் கிழிச்சுப் பேரைக் காட்டினார்” என்றார் பையனின் அப்பா. “அதென்னங்க அப்படி ஒரு பேரு?”

“திருடனைப் பிடிச்ச ஊரு சம்பந்தி இது” என்றார் தையல்காரர். “பிடிச்சதே எங்க கொள்ளுத்தாத்தாதான்.”

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் இப்படியொரு கொள்ளுத்தாத்தாவை அவள் கேள்விப்பட்டதில்லை.

“பிடிச்சாரா?” பையனின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

நம்பவில்லை போலிருக்கிறதே என்று தையல்காரர் பதறினார். பதறினால் அவருக்கு வாய் நீளும்.

“ஒத்தை ஆளா பிடிச்சு, பாறையோட சேத்துக் கட்டி, விட்டாரு பாருங்க நாலு அறை. காலைப் பிடிச்சுக் கதறிட்டான்.”

அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. முரட்டுக் குடும்பம் என்று நினைத்துவிட்டார்களோ?

“அப்புறம் பாவம்னு சாப்பாடும் போட்டாங்க. இரக்கம் எங்க ரத்தத்துலயே இருக்கு.”

“சாப்பிட்டுட்டு எங்க போனான்?” என்றார் பையனின் அப்பா.

அதை அவர் யோசித்து வைக்கவில்லை. “எங்க போறது? அங்கேயே செத்துட்டான்.”

“அப்பா” என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“இனிமே இந்த வீட்டுல யாரு கை நனைப்பாங்க?” என்று மனைவி முணுமுணுத்தாள்.

பாறையைப் பார்க்க வேண்டும் என்று பையனின் அப்பா எழுந்துவிட்டார். வேறு வழியில்லாமல் எல்லாரும் நடந்தார்கள். மழைத் தண்ணீர் அரித்த பள்ளத்தைத் தொட்டு, “கயித்துத் தடம். இன்னும் அழியலை பாருங்க” என்றார் தையல்காரர்.

பையனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் இரண்டும் குலுங்கின. அழ வைத்துவிட்டோம், மகள் வாழ்க்கையில் நாமே மண்ணைப் போட்டுவிட்டோம் என்று தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதுவரை வாயே திறக்காத சித்தப்பா மெல்லச் செருமினார்.

“அந்தத் திருடன் எங்க கொள்ளுத்தாத்தாங்க. தொண்ணூறு வயசு வரைக்கும் நல்லா இருந்து, ‘பொண்ணெடுத்தா அந்த ஊர்ல எடுங்கடா, பட்டப்பகல்லயே அசந்து தூங்குற நல்ல ஜனம்’னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு.”