முதலாளி உள்ளே, துணைவினைகள் வெளியே

நெருப்பைக் கண்டுபிடித்தார்கள், சக்கரத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு அடுத்தபடியாக மனித குலம் எடுத்துவைத்த பெரிய அடி, எங்கள் பீரோ கம்பெனியின் பெயிண்ட் கொட்டகையில்தான் எடுத்துவைக்கப்பட்டது. சரித்திரப் புத்தகங்களில் இது இன்னும் ஏறவில்லை. சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு மொத்த வியாபாரிகள் என்றாலே இளக்காரம்.

கம்பெனி என் அத்தானுடையது; அக்காவின் கணவர். விற்பனை என் பொறுப்பு. கல்லூரி விடுதிகளுக்கு இரும்பு பீரோ வாங்கிப் போடும் ஒரு அம்மாள் கடல் கடந்து எங்கள் சரக்கைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் கம்பெனி நிமிரும். கிடைக்காவிட்டால் பாதிக் கொட்டகையை மூட வேண்டியதுதான் என்று அத்தான் சாப்பிடும்போது சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்கு எனக்கு மறுசோறு போடவில்லை.

அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். எங்களுக்கு ஆங்கிலம் தவிர மற்றதெல்லாம் தெரியும். எனவே ஓர் ஆங்கில ஆசிரியரை அமர்த்தினோம். அவர் பெயிண்ட் கொட்டகையில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, பெயிண்ட் அடிக்காத ஒரு பீரோ கதவையே கரும்பலகையாக்கி, ‘ஹீ இஸ் வெல்டிங்’ என்று எழுதினார்.

“இதுல ‘வெல்டிங்’ மெயின் வெர்ப். வேலை அதோடது. ‘இஸ்’ ஹெல்பிங் வெர்ப், அதாவது துணைவினை. பக்கத்துல நிக்குது.”

“சும்மா நிக்குதா சார்?” என்றார் அத்தான். தன் கொட்டகையில் எவனாவது சும்மா நின்றால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

“சும்மா இல்லைங்க. எப்ப நடக்குது, எத்தனை பேர் செய்யறாங்கன்னு காட்டறது அதுதான். இப்ப பாருங்க, ‘ஹீ வில் ஹேவ் பீன் வெல்டிங்.’ இதுல துணைவினை மூணு.”

“மூணா? ஒரு வேலைக்கா? ரெண்டுல முடிச்சுக்குவோம் சார்.”

“குறைக்க முடியாதுங்க. இது இலக்கணம்.”

“மொத்தமா எடுத்துக்கறவன் நான். பார்த்துச் சொல்லுங்க.”

ஆசிரியர் நன்றாகவே போராடினார். எழுந்து போவதாகக்கூடச் சொன்னார். ஆனால் அத்தானிடம் இரும்புத் தகடு விற்கிறவர்களே வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வருவார்கள்; ஆசிரியர் எம்மாத்திரம்? கடைசியில் ‘பீன்’ போனது.

“இன்னொண்ணுங்க,” என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார் ஆசிரியர். “‘ஹேவ்’, ‘டூ’ மாதிரி சிலது இருக்கு. ஒரு சமயம் துணையா நிக்கும், ஒரு சமயம் தானே மெயினா வேலை செய்யும்.”

“ஒரே சம்பளத்துக்கா?” அத்தான் முகம் மலர்ந்தது. “அந்த மாதிரி ஆளுங்க எங்க சார் கிடைப்பாங்க?”

அப்போதுதான் பூட்டு ஃபிட்டர் கையைத் தூக்கினார். எங்கள் பீரோக்களுக்குப் பூட்டு பொருத்துகிறவர். வாயைத் திறக்கவும் சாவி தேவைப்படும் ஆள். அன்றைக்கு அவருக்கு ஞானம் பிறந்திருந்தது.

“கேள்வி கேக்கணும்னா என்ன ஆகும் சார்?”

“துணைவினை முன்னாடி வந்துடும். ‘இஸ் ஹீ வெல்டிங்?’”

“மெயினு?”

“அது பின்னாடியே கிடக்கும்.”

“இல்லைன்னு சொல்லணும்னா?”

“‘நாட்’ போடணும். அதுவும் துணைவினையோடதான் ஒட்டும்.”

“அப்ப முடியாதுன்னு சொல்ற உரிமையும் அதுக்குத்தான். சுருக்கமா பதில் சொன்னா?”

“‘யெஸ், ஹீ இஸ்.’ அவ்வளவுதான். மெயின் வெர்பே வர வேண்டியதில்லை.”

கொட்டகை முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. வேலை செய்கிறவன் பின்னால் கிடக்கிறான். பதில் சொல்லும்போது அவன் பெயரே வருவதில்லை. துணைக்கு நிற்கிறவன் முன்னால் வருகிறான், முடியாது என்கிறான், பதிலையும் தானே வாங்கிக்கொள்கிறான். உண்மையைச் சொன்னால் எங்களுக்கு இது புதிய பாடமாகவே படவில்லை. ஆபீஸ் அறையை ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரிகிற சங்கதி. அதற்கு இலக்கணமே இருக்கிறது என்பதுதான் இதுவரை தெரியாமல் போயிற்று.

“இனிமே நான் ஹெல்பிங்,” என்று பூட்டு ஃபிட்டர் திருப்புளியைக் கீழே வைத்தார். வெல்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

அத்தான் பாய்ந்திருப்பார். நான்தான் காதில் சொன்னேன்: “விடுங்க அத்தான். வெளிநாட்டுக் கம்பெனியெல்லாம் இப்படித்தான் இருக்கு. வர்ற அம்மா பார்த்தா அசந்துடுவாங்க.”

மறுநாளே ‘வினைச் சீரமைப்புத் திட்டம்’ அமலுக்கு வந்தது. விற்பனைக்காரன் என்பதால் நான் ‘வில்’; செய்கிறேன் என்று சொல்வதுதானே என் தொழில். மேனேஜர் ‘ஷுட்’, எல்லாம் செய்யப்பட்டாக வேண்டும் என்பார். கணக்குப்பிள்ளை ‘மே’, ஆகலாம், ஆகாமலும் போகலாம். பூட்டு ஃபிட்டர் ‘கேன்’. பழைய பெருமை மட்டுமே பேசும் வெல்டருக்கு ‘ஹேவ்’. ஆளுக்கொரு நாற்காலி, கழுத்தில் ஓர் அட்டை. தினமும் காலையில் கூட்டம். கூட்டத்தில் என்ன செய்வது என்று முடிவெடுக்க முந்தின நாள் மாலையில் ஒரு கூட்டம்.

“எல்லாரும் துணைன்னா மெயின் யாருடா மாப்ளே?” என்று ஒருநாள் கேட்டார் அத்தான்.

“விளம்பரம் கொடுத்திருக்கு அத்தான்.”

விண்ணப்பம் ஒன்றும் வரவில்லை. இந்தக் காலத்தில் நல்ல ஆட்கள் கிடைப்பது அவ்வளவு சிரமம்.

அந்த அம்மாள் வந்தார். நெட்டையான ஆள். கையில் அளவு டேப், பேச்சு குறைவு. மாதிரி பீரோவைச் சுற்றி வந்தார், தட்டினார், முதுகுப் பக்கம் குனிந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். வாங்குகிறவர்கள் உதட்டைப் பிதுக்கினால் அத்தானுக்கு ரத்தம் சூடாகும்.

“மேடம்! பீரோ ஸ்ட்ராங். டஸ்ட் நோ. ஏர் நோ. ஐ ஷோ!” என்று முழங்கிவிட்டு, தட்டு பொருத்தாத அந்த பீரோவுக்குள் ஏறி நின்று கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு. ‘டக்’ என்றது. சாவி அத்தானின் சட்டைப் பையில். சட்டை அத்தானோடு உள்ளே.

கொஞ்ச நேரம் எல்லோரும் மரியாதையாக நின்றோம். பிறகு பீரோ பேசியது.

“மாப்ளே! திறடா!”

“வில் அத்தான்!” என்றேன், என் பதவிக்கு உரிய வேகத்தோடு.

“திறந்தாகணும்!” என்றார் மேனேஜர் கண்டிப்பாக.

“திறந்தாலும் திறக்கும்,” என்றார் கணக்குப்பிள்ளை.

“போன வருஷம் இதே மாதிரி ஒண்ணைத் திறந்திருக்கேன்,” என்றார் வெல்டர். அதை விவரமாகவும் சொன்னார்.

இப்படி ஒரு கட்டுக்கோப்பை நீங்கள் எந்தக் கம்பெனியில் பார்த்திருக்கிறீர்கள்? ஒருவர்கூடத் தன் எல்லையைத் தாண்டவில்லை.

“மூச்சு முட்டுதுடா பாவிகளா!” என்றது பீரோ. காற்றுப் புகாத கதவு என்று விளம்பரம் எழுதியவன் நான். என் வாழ்க்கையில் நான் எழுதிய விளம்பரம் உண்மையாக இருந்தது அன்றுதான்.

“ஃபிட்டர்! உன்னால முடியுமா, முடியாதா?”

“முடியும் முதலாளி.”

“அப்பச் செய்டா!”

“செய்யறது மெயினுங்க. முடியும்ங்கிற வரைக்கும்தான் நம்ம பதவி. இப்ப கையை வெச்சா மறுபடி என்னைக் கீழ இறக்கிடுவீங்க.”

“இறக்க மாட்டேன்!”

“நாற்காலி?”

“உனக்கேதான்!”

“கை வெச்ச நாற்காலி?”

மூச்சே போனாலும் கேட்ட விலைக்கு ஒப்புக்கொள்வது எங்கள் குடும்பத்தில் கிடையாது.

“ஒரு கை வெச்சது,” என்றது பீரோ.

“ரெண்டு.”

“ஒண்ணுதான்! வேணும்னா எடு, வேணாம்னா விடு!”

“அப்ப நான் வரேனுங்க,” என்று ஃபிட்டர் வாசலைப் பார்த்து நடந்தார். கூப்பிடுவார்கள் என்று தெரிந்து நடக்கும் நடை அது. சந்தையில் பிறந்தவனுக்குப் பின்னாலிருந்து பார்த்தாலே புரியும்.

“ஏய், வா, வா! ரெண்டாவது கை அடுத்த வருஷம்!”

“அடுத்த மாசம்.”

“சரி... அதுக்கு மெத்தை கிடையாது...” குரல் மெலிந்திருந்தது. அத்தான் விலை ஏறி வருவதை வைத்தே உள்ளே காற்று இறங்கி வருவதை நாங்கள் மதிப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

என்ன நடக்கிறது என்று அந்த அம்மாள் ஆசிரியரைக் கேட்டார். ஆசிரியர் ‘ஹீ வில் ஹேவ்’ என்று ஆரம்பித்தார். அடுத்த சொல்லை விட்டுக்கொடுத்துவிட்டது நினைவுக்கு வந்து, நாணயமாக நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மாள் காத்திருக்கவில்லை. மேஜையில் கிடந்த திருப்புளியை எடுத்தார். கதவின் கீலுக்கு அடியில் நுழைத்தார். ஒரு நெம்பு. கதவு அப்படியே பெயர்ந்து தரையில் விழுந்தது. கீலுக்கு ஒரு பொட்டு வெல்டிங் வைத்த கையோடு எங்கள் வெல்டர் பதவி உயர்வு பெற்றிருந்தார். மிச்சம் வைக்க யாரும் நியமிக்கப்படவில்லை.

உள்ளே அத்தான் குந்தி உட்கார்ந்திருந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். முகம் நாவல்பழ நிறம். ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அந்த அம்மாளைப் பார்த்து, “வெரி ஸ்ட்ராங்,” என்றார்.

அந்த அம்மாள் கீலைப் பார்த்தார். எங்கள் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆசிரியரிடம் ஏதோ சொன்னார்.

“இங்க வேலை செய்யறவங்க யாராவது இருந்தா பேசணுமாம்,” என்றார் ஆசிரியர்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மேனேஜர் தெருவைக்கூட எட்டிப் பார்த்தார். அதற்குள் அந்த அம்மாள் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆர்டர் போயிற்று. பாதிக் கொட்டகையை மூடியாயிற்று. மீதிப் பாதியில் விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. ‘கீல்கள் வெல்டிங் செய்யப்பட்டிருக்க வேண்டும்’ என்று மேனேஜர் அறிக்கை எழுதினார். எவ்வளவு கண்ணியமான வாக்கியம்! மோந்து பார்த்தாலும் ஆள் வாடை வராது. ஆனால் அத்தானுக்கு அது போதவில்லை.

“வீட்டுல உங்க அக்கா கேக்கறாடா. யாரோட தப்புன்னு ஒரு ஆளைக் காட்டியாகணும்.”

சாட்சிகளை விசாரித்தோம். வெல்டர் மிச்ச வெல்டிங்கைச் செய்யவே இல்லை. எனவே அவர் மேல் தப்பில்லை. ஃபிட்டர் பூட்டைத் தொடவே இல்லை. கணக்குப்பிள்ளை நாற்காலியை விட்டே எழவில்லை. அதற்கு நானே சாட்சி. நான் ‘வில்’ என்றதோடு சரி, விரலைக்கூட அசைக்கவில்லை. எங்கள் எல்லோருடைய நிரபராதித்தனமும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமானது.

அதன் பிறகு குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இருக்கவில்லை. அன்றைக்கு எங்கள் கொட்டகையில் வேலை செய்தவர் அந்த அம்மாள் ஒருவர்தான். கதவை உடைத்ததற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.