விசில் டீச்சரின் மூன்று ஃபால்ஸ்

நாக்குக்கு எலும்பில்லை என்பார்கள். எங்கள் மேலகரம் விசில் டீச்சருக்கு நாக்கிலும் எலும்பு உண்டு.

இலஞ்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார். கழுத்தில் தொங்கும் விசிலுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு அது ஊதும். எங்கள் தெருவில் அலாரம் வைத்துக்கொண்டவர்கள் கிடையாது. டீச்சருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருப்பது தபால்காரருக்கே மறந்துபோயிற்று. குடும்பம் என்று யாரும் இல்லை. தனி வீடு, தனி ஆள், அடுத்த வீட்டில் நான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டீச்சர் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தார். வீட்டிலிருக்கும் சேலைகளெல்லாம் வளர ஆரம்பித்துவிட்டன. கணுக்காலோடு நின்ற கரை இப்போது தரையைக் கூட்டியது. புதுச் சேலை என்றால் கடைக்காரனைத் திட்டலாம். இருபது வருஷத்துப் பழைய சேலைகளும் சேர்ந்துகொண்டு வளர்ந்தன. டீச்சர் நேரே தெருமுனை இஸ்திரிக்காரரிடம் போய் நின்றார்.

"என்னவே, சேலையைப் புடிச்சு இழுத்து இழுத்துத் தேய்க்கீரோ? எல்லாம் வளந்துட்டு!"

"நான் தேய்க்கத்தான் செய்யுதேன் டீச்சர். உரம் போடலியே."

இடுப்பில் இன்னும் கொஞ்சம் சொருகிக்கொண்டால் தீர்ந்தது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "பி.டி. டீச்சர் இடுப்புல மூட்டை கட்டமாட்டா" என்று பதில் வந்தது. சும்மா இருந்திருக்கலாம். "சேலை வளராது டீச்சர், நீங்கதான் குட்டையாயிட்டிய" என்று சொல்லித் தொலைத்தேன். மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. அந்த மூன்று நாளும் ஆறு மணி விசில் என் ஜன்னலுக்கு நேராக ஊதியது.

நாலாம் நாள் விசில் விடாமல் ஊதியது. ஓடிப் போய்ப் பார்த்தால், வளர்ந்த சேலை தடுக்கி, டீச்சர் பின்வாசல் படியில் இடது மணிக்கட்டைப் பிடித்தபடி கிடந்தார்.

"ஒண்ணுமில்லட்டி, லேசாத் தடுக்கிட்டு. அடுத்த வீட்டுல இருந்துதானே ஓடி வந்தே? இப்படி மூச்சு வாங்குதே உனக்கு!"

தென்காசி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். டாக்டர் இளவயசுக்காரர், வெளியூர், மரியாதைக்காக இங்கிலீஷ் கலந்து பேசுபவர். அந்த மரியாதைதான் வினையாயிற்று.

"நின்ன இடத்துல விழுந்ததுக்கே எலும்பு உடைஞ்சிருக்கு மேடம். உயரமும் குறைஞ்ச மாதிரி இருக்கு. ஆஸ்டியோபோரோசிஸா, அதாவது எலும்புத் தேய்மானமான்னு பார்க்கணும். எலும்பு அடர்த்தி டெஸ்ட் ஒண்ணு எடுத்துடலாம். ஊசி கிடையாது, பத்து நிமிஷம் படுத்திருந்தா போதும். அதுவரைக்கும் ஃபால்ஸ் மட்டும் கண்டிப்பா அவாய்ட் பண்ணுங்க. ஃபால்ஸ்ல இடுப்பெலும்பு போச்சுன்னா எழுந்திரிக்கிறதே கஷ்டம்."

பாவம், எந்த ஊரில் உட்கார்ந்து பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கம் ஃபால்ஸ் என்றால் ஒன்றுதான், குற்றாலத்து அருவி. அதுவும் சாரல் விழுகிற ஆனி மாதம். டீச்சர் வெளியே வந்ததும் வெடித்தார்.

"குத்தாலத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஃபால்ஸுக்குப் போவாதேங்கான்! அம்பது வருசமா மெயின் ஃபால்ஸ் தண்ணி என் முதுகுல விழுது. எலும்பு சரியில்லைன்னா அப்பமே உதுந்திருக்காதா? அதைவிட என்னட்டி டெஸ்ட்டு?"

"டீச்சர், அவரு அருவியைச் சொல்லலை. கீழ விழுகதைச் சொல்லுதாரு."

"அருவித் தண்ணியும் கீழதாம்ட்டி விழுது."

இதற்கு மேல் எந்த வக்கீலாலும் வாதாட முடியாது.

தெருவிலும் ஆளாளுக்கு டாக்டரானார்கள். பிரண்டைத் துவையல் போதும் என்றார் ஒருவர். ஆட்டுக்கால் சூப்பு என்றார் இன்னொருவர். ஸ்கேன் எடுப்பவர்களுக்குத்தான் வியாதி வருகிறது, எடுக்காதவர்களுக்கு வருவதில்லை என்ற மருத்துவ உண்மையை இஸ்திரிக்காரர் வெளியிட்டார். டீச்சர் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, கட்டுப் பிரித்த மறுநாளே துண்டும் எண்ணெயுமாக மெயின் ஃபால்ஸுக்குக் கிளம்பினார். நடக்கும்போது ஒரு கை காம்பவுண்டுச் சுவரைத் தடவிக்கொண்டே போயிற்று. அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. வழுக்குப் பாறையில் இன்னொரு தடவை விழுந்தால் டீச்சர் அவ்வளவுதான். வழி மறித்தேன்.

"டீச்சர், அந்த டெஸ்ட்டுல மார்க்கு போடுவாவளாம். உங்க எலும்பை முப்பது வயசுப் பொண்ணு எலும்போட வச்சுப் பாப்பாவளாம்."

டீச்சர் நின்றார். "போட்டியா?"

"போட்டிதான்."

"எப்பம்?"

மறுநாள் ஸ்கேன் சென்டருக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். உலோகம் எதுவும் கூடாது என்று விசிலைக் கழற்றச் சொன்னார்கள். விசில் இல்லாத அந்தக் கழுத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒல்லிக் கழுத்து. படுத்த சூட்டிலேயே முடிந்துவிட்டது. "ரெடி சொல்லாமலே ஆரம்பிச்சிட்டாவ" என்று டீச்சர் புகார் சொன்னார்.

மார்க்கு, மைனஸ் இரண்டு புள்ளி ஏழு. மைனஸ் இரண்டரை என்றாலே எலும்புத் தேய்மானம்தானாம்.

"மைனசா?" என்றார் டீச்சர். "கடைசியா ஓடி வந்த பிள்ளைக்குக்கூட நான் மைனஸ் போட்டதில்லையே."

மாத்திரை, சுண்ணாம்புச் சத்து, நடைப்பயிற்சி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். "கீழே விழுந்திடாதீங்க" என்று சுத்தத் தமிழில் சொன்னார். அனுபவம் கற்றுக்கொடுத்திருந்தது. ஆட்டோவில் டீச்சர் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. அது கைக்குள் இருந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு விசில் ஊதவில்லை. தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. நான் மட்டும் ஓடினேன். டீச்சர் கட்டிலில் சேலைகளைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, சேலை வளரலை போலுக்கு" என்றார். பிறகு மெதுவாக, "விழுந்தா விசில் ஊதிருவேன்னு இருந்தேன். ஊத முடியாதபடி விழுந்துட்டா?"

  நான் சேலைகளை அள்ளிக்கொண்டு வந்து, கரைக்கு உள்பக்கம் வைத்துத் தைத்திருந்த ஃபால்ஸ் துணியைப் பிரித்து, கரையை இரண்டு விரல்கடை மடித்து, மறுபடி வைத்துத் தைத்தேன். நாலு நாள் ஆயிற்று.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் டீச்சர். அகலம் ஜாஸ்தியாத்தான் குடுத்திருக்கான்."

"இருவது வருசத்துச் சேலையுமா?"

"அப்பமே ஏமாத்திருக்கான்."

டீச்சர் சிரித்தார். ஒரு சேலையைக் கட்டிப் பார்த்தார். கணுக்காலோடு நின்றது. விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மைதானத்தில் பிள்ளைகளின் வரிசையைப் பார்ப்பதுபோல என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை என் காலடியில் வந்து நின்றது.

"உனக்கு அம்பத்தெட்டு ஆயிட்டுல்லா? உன் சேலையும் கொஞ்சம் வளந்திருக்கேட்டி. நாளைக்கு ஏழு மணிக்கு ஸ்கேன் சென்டருக்குப் போறோம். ரெடியா இரு."

என் சேலைக் கரையை இப்படி ஒருவர் கவனித்துப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. மறுநாள் விசில் ஊதுவதற்கு முன்பே ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.