நாற்பத்து மூன்று புறாக்களைப் பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரையிலாவது.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து அத்தையின் உயிரை வாங்குகிறேனே என்று, உங்கள் வன இலாகாவின் பறவைக் கணக்கெடுப்பில் என்னைச் சேர்த்துவிட்டீர்கள். செங்கழுத்துக் காட்டுப்புறா இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது, யார் கண்ணிலும் படாது. அதன் குரலை ஒலிபெருக்கியில் மூன்று தடவை போட்டுவிட்டு, பதில் குரல் வந்தால் நோட்டில் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷம் தபால் பிரித்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று மார்தட்டிக்கொண்டு போனேன். மூன்று வாரத்தில் நாற்பத்து மூன்று புறா! நாற்பதைத் தாண்டினால் 'அழியும் நிலை' பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றீர்கள், கையெழுத்தும் போட்டீர்கள். பட்டியலை விட்டு எடுத்தால் காட்டுக்குக் காவலும் போய்விடும், தெற்குச் சரிவில் மரம் வெட்ட ஆள் தயாராக நிற்கிறது என்பது மட்டும் பெருமையில் மிதந்த இந்த மண்டையில் ஏறவில்லை.

நேற்றுக் காலை, ஒரு போட்டோவும் எடுத்துவிடலாம் என்று மறுபடி போனேன். குரலைப் போட்டதுமே பதில் வந்தது. என்ன குழைவு, என்ன ஏக்கம்! முட்டி தேய முள்ளுக்குள் தவழ்ந்துபோய்ப் புதரை விலக்கினால், உங்கள் அத்தையின் தம்பி. கையில் ஒலிபெருக்கி, கழுத்தில் கேமரா.

"அத்தான்... நீங்களா?"

"நீ எங்கடா இங்க? ஒன்பது மணிக்கு முன்னால எழுந்திருக்க மாட்டியே!"

"முட்டி வலிக்கு நீங்க காலையில வர மாட்டீங்கன்னுல்ல நான் நினைச்சேன்! அப்ப இத்தனை நாளா நான் எண்ணினது உங்களையா?"

நான் வாங்கிய ஃபிரிட்ஜைப் பார்த்து "சத்தம் ஜாஸ்தியா இருக்கே" என்று அவன் சொன்னதிலிருந்து நாலு வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அது தெரிந்துதானே, கணக்கெடுப்பில் சேர்த்த எங்கள் இருவரையும் காட்டில் ஆளுக்கொரு பக்கமாக அனுப்பினீர்கள்? ஒருத்தர் குரல் போடும் நாளில் மற்றவர் போடக்கூடாது, பேசி நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றும் படித்துப் படித்துச் சொன்னீர்கள். யார் முதலில் பேசுவது? பேசினால் கிரீடம் இறங்கிவிடாதா? வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்ற இரண்டு கிழங்களும் தினம் காலையில் மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று ஜோடி தேடிக் கூவியிருக்கிறோம். அவன் இடம் மாறி மாறிக் கூவ, நான் புதுப்புதுப் புறாவாக எழுதித் தள்ளியிருக்கிறேன்.

வெட்கமாயிருக்கு மாப்பிள்ளை. நாற்பத்து மூன்றை அடித்துவிட்டுப் பூஜ்யம் போடுங்கள். ஆனால் பூஜ்யம் போட்டால், இல்லாத பறவைக்குக் காவல் எதற்கு என்று அப்போதும் மரத்தை வெட்டத்தான் போகிறார்கள். எண்ணியும் கெடுத்தேன், உண்மையைச் சொல்லியும் கெடுக்கிறேன். ராத்தூக்கம் போச்சு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேலதிகாரி கேட்டால், என் மாமனார் வடிகட்டின மடையர் என்று தாராளமாகச் சொல்லுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட அத்தை தயார்.

நீங்களும் மகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், வேலையும் போகாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் அவன் வந்தான். வாங்கிப் படித்தான். "கணக்கெடுப்போட கடைசி வாரம் நான் காட்டுக்கே போகலையே அத்தான்! முதுகு பிடிச்சு ஏழு நாளும் படுக்கையில கிடந்தேன்" என்கிறான். ஓடிப்போய் நோட்டைப் புரட்டினேன். அந்த வாரம் மட்டும் ஒன்பது பதில் குரல், ஒன்பதும் தெற்குச் சரிவில். அது அவன் இல்லை மாப்பிள்ளை, நானும் இல்லை! மேலே எழுதியதை எல்லாம் விட்டுத்தள்ளுங்கள். ஒன்பது என்று போட்டு, காவலை எடுக்க விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சரிபார்த்து வர இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்புகிறோம். ஒலிபெருக்கி இரண்டையும் அத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.