கட்டினவன் பாடு

பிரேக் வாத்தியாருக்கு அன்று காலை மூக்குக்கு மேல் கோபம்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்தே பல உயிர்களைக் காப்பாற்றியதால் வந்த பட்டப்பெயர். அப்பேர்ப்பட்டவர், பாடத்துக்கு வராத ஒரு அம்மாவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தால், "பாக்கி இருப்பதால் உங்கள் இணைப்பு நிறுத்தப்பட்டுள்ளது" என்று ஒரு குரல் தேனொழுகச் சொல்கிறது.

குடும்பத்துக்கே ஒரே பில். அவர், மனைவி, மகள், மாமியார், போதாக்குறைக்கு மனைவியின் தம்பி. பாதி பில் அவன் பேசியது. பங்கைக் கேட்டால், "நாளைக்கு அனுப்பிடறேன் மாமா" என்பான். அவனுடைய நாளை இதுவரை விடிந்ததே இல்லை. அதனால்தான் இந்தத் தடவை வாத்தியாரும் வீம்புக்குக் கட்டாமல் விட்டார். விட்டதில் எல்லார் போனும் ஊமையானது.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார்.

"உன்னைக் கட்டினேன், சரி. உன் தம்பி பில்லையும் நானேதான் கட்டணுமா?"

"அவன் சின்னப் பையன்தாங்க."

"சின்னப் பையனா? பாதி மண்டை வழுக்கை!"

"அதுக்கு என்ன பண்ணலாங்கறீங்க?"

"அவன் நம்பரைப் பில்லுலேர்ந்து வெட்டி எறியப் போறேன்!"

மடித்துக்கொண்டிருந்த துணியை மனைவி அப்படியே கீழே போட்டாள்.

"ஐயையோ! போன் கடைக்கு மட்டும் போயிடாதீங்க! இந்நேரம் அங்க கூட்டம்கூட இருக்காது. தயவுசெஞ்சு போகாதீங்க!"

"போவேன்!"

"பேங்க் கார்டு அலமாரி மேல்தட்டுல இருக்கு. தொட்டீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

தொட்டார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவு அதிரச் சாத்திவிட்டுப் போனார்.

போன் கடையில் ஈயாடியது. கவுண்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எடுத்துடலாம் சார். ஆனா மொத்த பாக்கியையும் முதல்ல கட்டணும்."

"அவன் பேசினதுக்கு நான் ஏம்மா கட்டணும்?"

"கட்டினா அவர் கட். கட்டலன்னா நீங்களும் கட்."

பல்லைக் கடித்துக்கொண்டு கார்டை நீட்டினார். பணம் போனது. அப்புறம்தான் அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"கணக்கு உங்க மிஸஸ் பேர்ல இருக்கு சார். அவங்க சம்மதிக்கணும்."

வாத்தியார் இரண்டு கையையும் விரித்தார். "அவளா? ஜென்மத்துக்கும் சம்மதிக்க மாட்டா!"

பாக்கி கட்டியதில் மனைவியின் போனுக்கும் உயிர் வந்திருந்தது. அந்தப் பெண் அவளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் ஒரு விசும்பல்.

"அவர் பேச்சுக்கு நான் என்னைக்கு மறுபேச்சு பேசியிருக்கேன்? எடுத்துடுங்கம்மா. நம்பரையாவது அவன் பேருக்கு மாத்திக் குடுக்கச் சொல்லுங்க. அநாதையா நிப்பான்."

மனைவி தன்னிடம் தோற்று அழுவதை வாத்தியார் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கேட்டார். நெஞ்சு நிமிர்ந்தது.

"போனாப் போகுது. நம்பரை வெச்சுக்கட்டும். நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்ல."

வீடு திரும்பினால், சோபாவில் மச்சினன். எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"ரொம்ப தேங்க்ஸ் மாமா! புது வேலையில போன் பில்லை கம்பெனியே கட்டுது. பாக்கி இல்லாம நம்பர் என் பேருக்கு வந்தாத்தான் எடுத்துக்குவோம்னாங்க. இன்னைக்கு விட்டா போச்சு. எப்படி முடியப்போகுதோன்னு பயந்துட்டே இருந்தேன்!"

வாத்தியார் மனைவி பக்கம் திரும்பினார். அவள் கண்ணில் அழுத தடயமே இல்லை.

"இதை நேரா என்கிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா போயிருப்பீங்களா?"

"இவ்வளவு ஏமாத்திட்டியே! இனிமே நீ சொல்ற ஒண்ணையும் கேக்க மாட்டேன், பாத்துக்கோ!"

மனைவி துணியை உதறி மடித்தாள்.

"அதை நம்பித்தாங்க நான் குடும்பமே நடத்தறேன்."