மூன்று அறையிலும் அதே ஆட்கள்

அன்பும் ஆரோக்கியமும் குறையாமல் இருக்க வேண்டிய தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் நீங்கலாக. பதினொரு வருடம் கழித்து இவனுக்கு என்ன திடீர்ப் பாசம் என்று நினைப்பாய். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன், படிக்காமல் கிழித்துவிடாதே.

போன வாரம் இங்கே பௌத்தத்தின் மூன்று பிரிவினரும் கூடிய மாநாடு. வருகைப் பதிவேடும் மதியச் சாப்பாடும் என் பொறுப்பு. முப்பது வருடம் அலுவலகத்தில் ஆள் எண்ணியவன் ஆயிற்றே, விடுவார்களா? நம் அப்பாவின் தேரவாதத்துக்கு முதல் அறை, மகாயானத்துக்கு இரண்டாவது, உன்னுடைய வஜ்ரயானத்துக்கு மூன்றாவது என்று பலகை மாட்டினேன். மணிக்கு ஓர் அறையாகத் தலை எண்ணி, மூன்றையும் கூட்டிச் சாப்பாடு சொல்லிவிட்டேன். முதல் அறையில், உங்கள் பிரிவின் சிவப்பு அங்கி போட்ட ஒரு துறவி அம்மா உட்கார்ந்து, அப்பா சொல்வாரே, அதே 'புத்தம் சரணம்' சரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அறை மாறி வந்துவிட்டார் என்று காதோடு, "அம்மா, உங்களுக்கு மூணாவது அறை" என்றேன். "அங்கதாங்க போறேன். இந்த வழியாத்தான் போகணும்" என்றார். அடுத்த மணி நேரம் இரண்டாவது அறையில், எல்லா உயிரும் கடைத்தேறும்வரை ஓயமாட்டேன் என்று உறுதி எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம்தான் மூன்றாவது அறை, மணி, மந்திரம் எல்லாம். அவர் மட்டுமல்ல, அவர் கூட்டமே அப்படித்தான் என்பது அறுபது பொட்டலம் மிஞ்சியபோதுதான் எனக்கு உறைத்தது.

முதல் அறைப் பிக்குவிடம் போய் முறையிட்டேன். "எங்களோடதையெல்லாம் அவங்க ஏத்துக்கறாங்க. அவங்களோடது எல்லாத்தையும் நாங்க ஏத்துக்கல. அதுக்காக வந்து உக்காந்தவங்களை எழுப்பி விடுவோமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுப்பி விட்டவன் நான்தானே.

அப்பாவின் வழியைத் தூக்கி எறிந்தவள் என் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று அன்று கத்தினேன். நீ எதையும் எறியவில்லை. அப்பாவின் சரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறாய். பதிலுக்கு நாலு வார்த்தை பேசாமல் போனாயே, அதற்கு நன்றி. பேசியிருந்தால் இதை எழுத எனக்கு முகம் இருந்திருக்காது. தப்பு என்னுடையது. வீட்டுக்கு வா. உன்னைப் பார்க்காமல் உன் அண்ணியும் ஏங்கிப் போயிருக்கிறாள்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். நீ நூறு வயது இருந்து என்னைத் திட்ட வேண்டும் என்று வாழ்த்தும்,
அண்ணன்.

பி.கு.: கடிதத்தை உன் அண்ணிக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். "வாராவாரம் தையல் வகுப்புன்னு நான் எங்க போறேன்னு நினைச்சீங்க?" என்கிறாள். பதினொரு வருடத்தில் ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதனால் நீ வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். வழி அவளுக்குத் தெரியும்.