அறிமுகமற்ற நபர் நடமாட்டம்

கடவுளுக்கு அடுத்தபடியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவள் நான்தான் என்று மூன்று வாரம் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அவருக்கு இல்லாத ஒரு வசதியும் எனக்கு இருந்தது. பார்த்த மாத்திரத்தில் வாய் திறந்து பேசவும் முடியும். (அந்த வசதியை அவர் ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்பது இப்போது புரிகிறது.)

அம்மா இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தூத்துக்குடி வீட்டில் அப்பா மட்டும். எனக்குக் கோயம்புத்தூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. பிறர் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள். நானும் என் கணவரும் அப்பாவை எங்களோடு வந்துவிடச் சொன்னோம். அப்பா தோணியில் தண்டலாக இருந்தவர், அதாவது இங்கிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் மரக்கப்பலுக்கு அவர்தான் தலைவர். "கடலு இல்லாத ஊருல நான் எந்தப் பக்கம் பாத்து உக்காருவேன்?" என்று கேட்டார். அதனால் கேமரா வாங்கினேன்.

கேமரா என்றால், பேங்க் மூலையில் தொங்கிக்கொண்டு வருகிறவர் போகிறவரை எல்லாம் கறுப்பு வெள்ளைப் பேயாகக் காட்டுமே, அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணாச்சி சிரித்தார்.

"அது அந்தக் காலம் தங்கச்சி. இதுக்கு மூளை இருக்கு. ஆளு, நாயி, காரு எல்லாத்தையும் பிரிச்சுச் சொல்லும். மூஞ்சிய ஒரு தடவ காட்டிப் பேரு போட்டுட்டியள்னா, அடுத்த தடவ பேரச் சொல்லியே கூப்பிடும். கழுத்த நாலாப் பக்கமும் திருப்பும். நீங்க அங்கன இருந்து பேசுனா இங்கன கேக்கும். கள்ளன் வந்தான்னா இந்தா, இந்தப் பட்டன அமுக்குங்க. சைரன் அடிக்கும் பாருங்க, ஹார்பர் வரைக்கும் கேக்கும்."

முன்னறையின் மேல் மூலையில் மாட்டினோம். அப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"முப்பது வருஷம் கடல்ல வாட்ச் நின்னவன் நான். என்னைய நீ வாட்ச் பண்ணுதியா?"

"உங்களை இல்லப்பா, வீட்டைத்தான்."

"வீடு எங்கன போகப் போவுது?"

நான் போனில் படம் தெரிகிறதா என்று பார்த்தேன்.

போனில் அறிவிப்புகள் தமிழில் வரும்படி வைத்திருந்தேன். அந்தத் தமிழை எங்கே பிடித்தார்களோ தெரியாது. 'முன்னறையில் அறிமுகமற்ற நபர் நடமாட்டம்' என்று வரும். வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், ஜன்னலோரக் கொடியில் அப்பாவின் கைலி கடற்காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அப்பா நடமாடினால்தானே அப்பாவைச் சொல்லும்? அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். 'நான்கு மணி நேரமாக நகர்வு இல்லை' என்று ஒரு மத்தியானம் வந்தது. மைக்கை அழுத்தி "அப்பா! அப்பா!" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டு எழுந்ததில் மடியில் இருந்த டம்ளர் உருண்டு காபி எல்லாம் தரையில். "சும்மாதாம்ளா இருக்கேன்" என்றார். நான் அவருக்குத் துணையாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் போட்டோவைக் கேமரா தானாகவே முகம் என்று பிடித்துக்கொண்டு பெயர் கேட்டது. 'அம்மா' என்று போட்டேன், வேறு என்ன போட? அன்றிலிருந்து மின்விசிறிக் காற்றில் மாலை அசையும்போதெல்லாம் எனக்குச் செய்தி வரும்: 'அம்மா முன்னறையில் இருக்கிறார்.' முதல் தடவை அதைப் படித்தபோது ஆபீஸில் ஸ்டாக் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழித்துவிட்டிருக்கலாம். மனசு வரவில்லை.

தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு இன்னொரு அறிமுகமற்ற நபர் வருவார். கையில் குழம்புச் சட்டி. பின்தெரு லூர்தம்மாக்கா. கடைசி ஆறு மாதம் அம்மா படுக்கையில் கிடந்தபோது குளிப்பாட்டி, உடுத்தி, வாயில் கஞ்சி ஊட்டியது அவர்தான். நான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்வருவேன். (அம்மாவால் மெல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆப்பிள்தான்.) 'இந்த முகம் அடிக்கடி தென்படுகிறது. பெயரிட விரும்புகிறீர்களா?' என்று கேமரா மரியாதையாகத்தான் கேட்டது. ஒவ்வொரு முறையும் நான் ஏதோ ஒரு வேலையில் இருந்தேன். 'பிறகு' என்பதை அழுத்தினேன். இருபது தடவையாவது அழுத்தியிருப்பேன். இந்த வீட்டுக்கு வந்தே இராத என் மேனேஜருடைய முகத்துக்குக்கூடச் சும்மா சோதித்துப் பார்க்கப் பெயர் போட்டிருந்தேன்.

மாதா கோயிலில் அம்மாவுக்கு வைத்த முப்பதாம் நாள் பூசைக்கு நான் போகவில்லை. ஆபீஸில் ஆடிட், லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அழுத்திக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேமராதான் இருக்கிறதே என்ற தைரியம்.

அன்று மத்தியானம் ஸ்டாக் ரூமில் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். வாசலில் பந்தலுக்குக் கீழே சாப்பாடு நடக்கிறது, சத்தம் கேட்கிறது. முன்னறை காலி. அப்போது முக்காடு போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். நேராக அம்மாவின் அறைக்குள் போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பீரோவின் கிறீச்சை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். கொஞ்ச நேரத்தில் பெட்ஷீட்டில் கட்டிய பெரிய மூட்டையோடு வெளியே வந்தாள். மூட்டையின் மேலே நான் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்த காபிப்பொடி நிறச் சேலையின் ஓரம் தெரிந்தது.

மேலே இருந்து பார்த்தால் மனிதர்களுக்கு முகம் கிடையாது. ஒரு தலையும் இரண்டு தோளும்தான். 'முன்னறையில் அறிமுகமற்ற நபர் நடமாட்டம்' என்றது போன். ஒரு தடவையாவது சரியாகச் சொன்னதே என்று நினைத்துக்கொண்டு மைக்கை அழுத்தினேன்.

"யாருளா அது? எங்கம்மா சேலைய எங்கன தூக்கிட்டுப் போற? கீழ வையி! களவாணி! களவாணி!"

கோயம்புத்தூருக்கு வந்து பதினைந்து வருடமாக நான் கஷ்டப்பட்டுப் பழகிய நாகரிகத் தமிழ் அந்த நேரத்தில் எங்கே போனதோ. கத்திய கையோடு சைரனையும் அழுத்தினேன்.

அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. பந்தலில் இருந்த அத்தனை பேரும் உள்ளே ஓடிவந்தார்கள். பூசை வைத்த சாமியார் கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றார். அந்தப் பெண் மூட்டையை இறுக்கிப் பிடித்தபடி மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். முக்காடு நழுவியது. லூர்தம்மாக்கா.

சைரனை நிறுத்தும் பட்டனைக் குத்து குத்தென்று குத்தினேன். 'கட்டளை அனுப்பப்படுகிறது, காத்திருக்கவும்' என்றது போன். அங்கே அப்பா நாற்காலி மேல் ஏறி ஒட்டடைக் கம்பால் கேமராவை அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் அதன் கழுத்து ஒரு பக்கம் திரும்பியது. எனக்கு மின்விசிறி தெரிந்தது, விட்டம் தெரிந்தது, சாமியார் தெரிந்தார், அம்மா போட்டோ தெரிந்தது, மறுபடியும் சாமியார். எழுபதைத் தாண்டிய மனிதர், மனைவியின் முப்பதாம் நாளில், ஊர் பார்க்க நாற்காலி மேல் நின்று மகளின் வாயை அடைக்கப் பாடுபட்டார்.

ஒருவழியாகச் சத்தம் நின்றது. அக்கா மூட்டையைத் தரையில் வைத்தார். கேமராவுக்கு நேரே வந்து நின்றார்.

"ஏளா சிந்தா, ஒங்கம்மா சாவுததுக்கு முன்னாலயே சொன்னா, எஞ்சேலைய நீதான் உடுத்தணும்னு. ஒங்கப்பாவும் இன்னைக்கு எடுத்துக்கிடச் சொன்னாவ. ஆறு மாசம் அவ மேல தண்ணி ஊத்திக் கழுவுன கையி இது. நல்லாப் பாத்துக்கோ."

இரண்டு கைகளையும் கேமராவுக்கு முன்னால் நீட்டி, உள்ளங்கையைக் காட்டினார். திருப்பிப் புறங்கையையும் காட்டினார். "ஒண்ணும் இல்ல, பாத்தியா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் இறந்தவரின் துணிமணிகளை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுவது எங்கள் வீட்டில் வழக்கம். பாட்டி, பெரியப்பா என்று எத்தனை பேருடையதை நானே மடித்துக் கொடுத்திருக்கிறேன். அங்கே இருந்திருந்தால் அன்றும் நான்தான் மடித்திருப்பேன்.

"அப்பா" என்று மைக்கில் கூப்பிட்டேன். அவர் மூட்டைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நிமிராமலே, "போன வையி" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை என்பதையும் கேமரா வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை தூத்துக்குடி போய் இறங்கினேன். (ஆடிட் அன்றும் நடந்துகொண்டுதான் இருந்தது. லீவு உடனே கிடைத்தது.) கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, முன்னறைக்குள் கால் வைத்ததும் என் பைக்குள் போன் பேசியது: 'முன்னறையில் அறிமுகமற்ற நபர் நடமாட்டம்.' எடுத்துப் பார்த்தேன். வகிட்டில் நரை தெரியும் ஒரு தலை, இரண்டு தோள், ஒரு பை. மேனேஜர் வரைக்கும் பெயர் போட்டவள் என் முகத்துக்கு மட்டும் போடவில்லை. அம்மா போன பிறகு அப்பா முதல்முறையாகச் சிரித்தார்.

"அது சரியாத்தாம்ளா சொல்லுது" என்றார்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன். மனசுக்குள் இருந்தது ஒரே பயம்தான். அக்கா வராவிட்டால் அப்பாவுக்குச் சோறும் இல்லை, ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவதற்கு ஆளும் இல்லை. அக்கா வாசலில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், அழுதேன், மூட்டையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சேல வேண்டாம்" என்றார். "அழுவாத. ஒங்கப்பாவுக்குச் சோறு வரும். அது ஒங்கம்மாட்ட நான் சொன்ன சொல்லு. ஒனக்காவ இல்ல."

"கேமராவைக் கழற்றிடுதேன்க்கா."

"எதுக்கு? அது கெடக்கட்டும். அதயும் எடுத்துட்டா, நான் ஒண்ணும் எடுக்கலங்கதுக்கு யாரு சாட்சி?"

பிறகு மீன் கையைக் கழுவிவிட்டு வந்து, "எம்மூஞ்சியப் போட்டுக்கோ" என்று முன்னால் உட்கார்ந்தார். 'தலையை மெதுவாக இடப்புறம் திருப்பவும்' என்று போன் சொல்ல, திருப்பினார். 'புன்னகைக்க வேண்டாம்' என்றது. அவர் புன்னகைக்கவில்லை.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. சேலை மூட்டை இன்னும் அப்பா வீட்டுப் பீரோவில்தான் கிடக்கிறது. அக்கா தினமும் ஒரு மணிக்கு வருகிறார். அப்பா சாப்பிடும்வரை உட்கார்ந்து பேசுகிறார். கிளம்பும்போது சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கேமராவை அண்ணாந்து பார்த்து, உள்ளங்கை, புறங்கை இரண்டையும் காட்டிவிட்டுப் போகிறார். ஒரு நாளும் தவறியதில்லை.

எங்கள் குடும்பத்தில் இது இப்போது பெரிய வேடிக்கை. என் கணவர் அடுப்படியிலிருந்து வடையைத் திருடி வாயில் போட்டுக்கொண்டு, விட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரிப்பார். அப்பா மருந்துக்கடையிலிருந்து கிளம்பும்போதும் செய்கிறாராம். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைக் கண்டதும் கையை நீட்டித் திருப்பிக் காட்டுகிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எனக்கு உள்ளுக்குள் ஒவ்வொரு தடவையும் வலிக்கத்தான் செய்கிறது.

போன மாதம் ஒரு நாள் அக்கா கையைக் காட்டாமல் போய்விட்டார். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். காட்டவில்லைதான். மூன்று வருடத்துக்குப் பிறகு அக்காவின் மனம் இறங்கிவிட்டது என்று ஆபீஸில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"மனசும் எறங்கல, மண்ணும் எறங்கல. இங்கன நல்ல மழ. ஒரு கையில கொட, ஒரு கையில சட்டி. நாளைக்குச் சேத்துக் காட்டுதேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கா" என்றார் அப்பா.

மறுநாள் ஒரு மணிக்கு, 'லூர்தம்மாள் முன்னறையில் இருக்கிறார்' என்று வந்தது. கிளம்பும்போது அக்கா சட்டியைக் கீழே வைத்தார். கையைக் காட்டினார். இறக்கி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, இன்னொரு முறை காட்டினார்.