மடித்து வைத்த மனிதர்

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நான் மட்டும் இன்று காலை பதினொரு மணியிலிருந்துதான் நலம்.

நீங்கள் சேர்த்துவிட்ட படச்சட்டக் கடையில் எனக்கு இது மூன்றாவது மாதம். ஒரு தப்பும் இல்லாமல் இந்த மாதம் முடிந்தால் நிலையாக வைத்துக்கொள்வதாகவும், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும் முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது சித்தி. பள்ளிக்கூடம் மாதிரி இல்லை. மரமும் கண்ணாடியும் என்னை எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வதில்லை.

போன வாரம் ஓர் அம்மா ஒரு படம் கொண்டுவந்தார். தடித்த காகிதத்தில் வரைந்த மாட்டுத் தொழுவம். நடுவில் இரண்டு பசு, காலடியில் கோழிகள், இடது ஓரத்தில் ஓர் ஆடு, வலது ஓரத்தில் முக்காலி போட்டுப் பால் கறக்கும் ஒருவர். எங்கள் கடை அளவு நாடாவில் முதல் அங்குலம் கிழிந்துபோய்விட்டது. அதனால் வருகிற அளவில் ஒன்றைக் கழிக்க வேண்டும். நான் கழித்துத்தான் சீட்டில் எழுதினேன். மறுநாள் முதலாளி ஊரில் இல்லை, நானே சட்டம் அறுத்தேன், சீட்டைப் பார்த்து இன்னொரு முறை கழித்துவிட்டேன். கண்ணாடியும் அதே அளவு. படம் உள்ளே போகவில்லை. மேலே வெறும் கூரைதான், அதை ஓர் அங்குலம் மடித்துவிட்டேன். அகலத்தில்தான் சங்கடம். ஆட்டை மடிக்கலாமா, மனிதரை மடிக்கலாமா என்று வெகுநேரம் பார்த்தேன். ஆடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மனிதரை மடித்தேன். அவர் சரியாக ஓர் அங்குலம்தான் இருந்தார். ஆனால் கைகள் இரண்டும் பசுவின் மடியைப் பிடித்தபடி வெளியே நின்றுவிட்டன.

இன்று அந்த அம்மா வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இங்க ஒருத்தர் உக்காந்திருந்தாரே?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"அது எங்க வீட்டுக்காரரோட அண்ணன். ஒருநாளும் பால் கறந்தவர் இல்ல. தினமும் கறந்தது நான். படம் வரையிறவர் வந்தன்னிக்கு மட்டும் முக்காலியப் போட்டு உக்காந்துட்டார். இப்போ கை மட்டும்தானே இருக்கு, என் கைன்னே சொல்லிக்கிறேன். முடி கொஞ்சம் அதிகம், பரவாயில்ல."

"இந்தப் பொண்ணு எதையும் யோசிச்சுத்தாம்மா செய்யும்" என்றார் முதலாளி. அந்த அம்மா போனதும், "நாளையிலேர்ந்து நீ நிரந்தரம்" என்றார். நான் வாய் பேசாததற்கு முதல்முறையாக நல்லது நடந்திருக்கிறது.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், தம்பிக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது ஒருவர் அந்தப் படத்தோடு வந்துவிட்டார். கையைப் பார்த்ததுமே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. "என்னை மடிச்சது யாரு பாப்பா?" என்று கேட்டுவிட்டு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். டீ குடிக்கப் போன முதலாளி, வாசல்வரை வந்து இவரைப் பார்த்ததும் இன்னொரு டீ குடிக்கப் போய்விட்டார். நான் ஏதோ அவசரக் கணக்கு எழுதுவதுபோலக் குனிந்து இதை எழுதிக்கொண்டே இருக்கிறேன். தாள் முடியப்போகிறது சித்தி.